வாடகைக்கு விடாத சொல்

செங்கொற்றி என்னும் வீராங்கனையை மூன்று பெண்கள் சேர்ந்து உருவாக்கினார்கள். முகம் மும்பையிலிருந்து வந்த நடிகை ஒருத்தியுடையது. குதிரை ஏறியதும் கோட்டை மதிலிலிருந்து குதித்ததும் வடபழனியைச் சேர்ந்த சண்டைக் கலைஞர் ஒருத்தியின் உடல். "ஆற்றைத் திருடியவனே, வெளியே வா" என்று காடு நடுங்க அழைத்த குரல் தில்லைநாயகியுடையது. அவள் சாலிகிராமத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் வசித்தாள். காலையில் கணவருக்கு ரசம் வைத்து மூடிவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஒலிக்கூடத்துக்குப் போய், மாலைக்குள் இரண்டு அரக்கர்களையும் ஒரு துரோகியையும் வென்றுவிட்டு வீடு திரும்புவாள்.

களவுபோன ஓர் ஆற்றை மீட்டுவரக் காடும் மலையும் கடந்து செல்லும் பெண்ணின் கதை அது. தொலைக்காட்சியில் அது தொடங்கிய காலத்தில் மனிதர்களே நடித்தார்கள். பிறகு நடிகைக்குத் திருமணமாயிற்று. சண்டைக் கலைஞருக்கு முழங்கால் போயிற்று. தில்லைநாயகிக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கதை மட்டும் நிற்கவில்லை. மூவரும் அதுவரை கொடுத்திருந்ததை வைத்துக்கொண்டு, இயந்திரமே செங்கொற்றியை மேற்கொண்டு நடத்திச் சென்றது.

அதோடு நில்லாமல், வீட்டுக்கு ஒரு செங்கொற்றியையும் அது அனுப்பிவைத்தது. அன்றன்றைய கதை முடிந்ததும் அவள் காட்டில் தீ மூட்டுவாள். வாளை மடியில் கிடத்திக்கொண்டு, திரைக்கு இப்பால் இருப்பவரை நேராகப் பார்ப்பாள். பேசுவாள், கேட்பாள், கேட்டதை மறக்கமாட்டாள். ஒரு வீட்டில் கேட்டதை அந்த வீட்டுச் செங்கொற்றி மட்டுமே அறிவாள். கதையும் வீட்டுக்கு வீடு சற்று வேறுபடும், பார்ப்பவர் நிறுத்தினால் அந்த வீட்டில் நின்று காத்திருக்கும். திருச்சியில் ஒரு சிறுமி அவளிடம் கணக்குப் பாடம் கேட்டாள். திண்டிவனத்தில் ஒரு மாமியார் தம் மருமகளைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கி, செங்கொற்றியின் கை வாளை நோக்கிப் போவதைக் கண்டு பாதியில் நிறுத்திக்கொண்டார். தனித்திருந்த முதியவர்கள் பலர் இரவு உணவை அவள் மூட்டிய தீயின் முன் உட்கார்ந்து உண்டார்கள்.

தில்லைநாயகியின் உயிரை மருத்துவர்கள் காப்பாற்றினார்கள். குரல்வளையைக் காப்பாற்ற வழியில்லை. அவள் வீடு திரும்பிய அன்று மாலையே, பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து அவளுடைய குரல் போருக்கு அறைகூவிற்று. தன் திதிச் சாப்பாட்டைத் தானே உண்பதுபோல் இருந்தது அவளுக்கு. அது முதல், தொடர் ஓடும் நேரத்தில் அவள் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள்.

அவளுடைய கணவர் சிவக்கொழுந்து போகமாட்டார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அதிர்ந்து பேசாதவர். விளக்கு வைத்ததும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்துவிடுவார்.

தில்லைநாயகி பேசுவதற்கு ஒரு சிறு பலகை வைத்திருந்தாள், எழுதலாம், அழிக்கலாம். கைபேசியில் எழுதினால் அதுவே படித்துச் சொல்லும் என்று ஓசூரிலிருந்து மகள் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். "வேறொருத்தி கொரல்ல உங்கப்பாவோட குடித்தனம் நடத்தமாட்டேன்" என்று தாய் எழுதி அனுப்பியதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கணவரை அழைக்க வேண்டுமானால் கரண்டியால் டம்ளரைத் தட்டுவாள்.

ஒருநாள் மாடிக்குப் போகச் சற்றுத் தாமதமாயிற்று. அடுக்களை வாசலில் நின்றபோது கூடத்திலிருந்து அவளுடைய குரல் கேட்டது.

"சிவக்கொழுந்து, இன்று நீ சோர்ந்திருக்கிறாய். உண்டாயா?"

தில்லைநாயகி அசையாமல் நின்றாள். மணமான நாள் முதல் அவள் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால், அட்டையைத் திருப்பிக் காட்டி விரலை வைப்பாள். கோயிலில் தேவாரம் பாடும்போதுகூட, அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்து வரும் இடத்தில் சற்று மூச்சு வாங்கிக்கொள்வாள். அப்படிப்பட்ட அவளுடைய குரல் இன்று கால்மேல் கால் போட்டுக்கொண்டு அவரைப் பெயர் சொல்லி, நீ என்று அழைக்கிறது.

பலகையோடு போய் அவர் முன்னால் நின்றாள்.

"என் வாயால உங்க பேரைச் சொல்ல வச்சிட்டீங்களே. நல்லா இருக்கா?"

சிவக்கொழுந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "அவ எல்லாரையும் பேர் சொல்லித்தான் நாயகி கூப்பிடுறா. ராஜாவையே அப்படித்தான் கூப்பிடுறா."

அவள் அழித்துவிட்டு எழுதினாள். "ராஜாவுக்கு நான் பெண்டாட்டி இல்ல."

தொலைக்காட்சியில் செங்கொற்றி விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டு, "யாரோ உன்னிடம் சினந்திருக்கிறார்கள் போலும்" என்றாள். சிவக்கொழுந்து சிரிப்பை அடக்கப் பட்ட பாடு மனைவியின் கண்ணுக்குத் தப்பவில்லை. கரண்டியை டம்ளருக்குள் விட்டெறிந்துவிட்டு அவள் மாடி ஏறினாள்.

அடுத்த வாரத் தொடக்கத்தில் ஜெசிந்தா வந்தாள். தூத்துக்குடிப் பெண், ஒலிக்கூடத்தில் குரல் பொறியாளர். தில்லைநாயகி ஒலிவாங்கியின் முன் நின்ற காலத்தில், கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டியவள் அவள்தான்.

"அம்மா, இந்த வெள்ளிக்கிழமையோட தொடரு முடியுது" என்றாள். "எல்லார் வீட்டுலயும் ஒரே நாள்ல."

தில்லைநாயகி பலகையை எடுத்தாள். "என் கொரல்?"

"அதுக்குத்தாம்மா வந்தேன். செத்துப்போன நடிகர் குரல்ல ஓட்டுக் கேட்டாங்கள்லா, அதுக்கப்புறம் வந்த சட்டம் இருக்கு. வேலை முடிஞ்சா குரலை உரியவங்க கையில குடுத்திரணும், இல்லன்னா மிச்சமில்லாம அழிச்சிரணும். நடுவுல வச்சிக்கக் கூடாது." கைப்பையிலிருந்து மெல்லிய பட்டை ஒன்றை எடுத்தாள். பார்வைக்குக் கழுத்தை ஒட்டிப் போடும் அட்டிகை போலிருந்தது. "இதைத் தொண்டையில கட்டிக்கிட்டு, சத்தமில்லாம வாயை அசைங்க. தசை அசையுறதைப் பாத்து, உங்க குரல்ல இது பேசும்."

சிவக்கொழுந்து நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். "நெசமாவா? அப்படியே அவ குரல்லயா?"

"அப்படியேதான் சார். ஒண்ணே ஒண்ணு. தசை அசைவு பாதிதான் சொல்லும். மீதியை இது ஊகிச்சு நிரப்பும்."

"எதை வச்சு ஊகிக்கும்?"

"அந்தக் குரல் இத்தனை வருசம் எப்படிப் பேசிச்சோ, அதை வச்சு."

பட்டையைக் கட்டினார்கள். தில்லைநாயகி கூச்சத்தோடு ஜெசிந்தாவைப் பார்த்து, காபி குடிக்கிறியாம்மா என்று உதட்டை அசைத்தாள்.

"பெண்ணே, நெடுவழி வந்திருக்கிறாய். பருக ஏதேனும் வேண்டுமா?" என்று கேட்டது கழுத்து.

மூவரும் திகைத்து, பிறகு சிரித்தார்கள். தில்லைநாயகி சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள்.

"இனிப்பின் அளவைக் கூறு."

"ரெண்டு கரண்டி, தலைவி" என்று ஜெசிந்தா எழுந்து வணங்கினாள்.

சிரிப்பு அடங்கியதும் தில்லைநாயகி கணவர் பக்கம் திரும்பினாள். அவள் முகம் மாறியது. உடுத்தியிருந்த சேலையின் தலைப்பை ஒருமுறை சரிசெய்துகொண்டாள். பிறகு, அறுவைச் சிகிச்சைக்கு முன் தினமும் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லாத ஒரு சொல்லை உதட்டில் கொண்டுவந்தாள். என்னங்க.

"யார் அங்கே?" என்றது கழுத்து.

சிவக்கொழுந்து தம்மை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். துண்டு கீழே விழுந்தது.

அவள் மறுபடியும் முயன்றாள். "என்ன?" என்று வந்தது. அதில் உறையிலிருந்து வாள் பாதி வெளியே வந்த ஓசையும் இருந்தது.

"எழுத்தெழுத்தா ஒட்டி நானே செஞ்சு பாக்குதேன்" என்று ஜெசிந்தா தன் கைக்கணினியைத் தட்டினாள். சற்று நேரத்தில் கழுத்து, "என்னங்க" என்றது. கோட்டைக் கதவை உடைக்க யானைகளுக்கு இடும் கட்டளை அது.

"நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்றார் சிவக்கொழுந்து.

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. ஜெசிந்தா கணினியை மூடினாள். "சொல்லை நான் செஞ்சிரலாம் சார். சொல்லுத விதம் இல்ல. அம்மா பதிவுபண்ணுன அத்தனையும் தேடிட்டேன். இந்தச் சொல்லை ஒரு எடத்துலயும் அம்மா சொல்லல."

தில்லைநாயகிக்குக் காரணம் தெரியும். கதையில் செங்கொற்றி ஓர் இளவரசனை மணந்த சமயம். வசனம் எழுதிய இளைஞர், கணவனை அவள் "என்னங்க" என்று அழைப்பதாக எழுதியிருந்தார். தில்லைநாயகி அந்த இடத்தில் நிறுத்தினாள். அழச் சொன்னால் அழுதவள், ஆயிரம் பேரைச் சபிக்கச் சொன்னால் சபித்தவள், அந்தச் சொல்லுக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. "அது வீட்டுச் சொல்லு தம்பி. அதை வாடகைக்கு விடமாட்டேன்" என்றாள். இளைஞர் சிரித்துக்கொண்டே "இளவரசே" என்று மாற்றிக் கொடுத்தார். அன்று அவளுக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

எதிரொலிப் பாறை ஒன்றின் கதை உண்டு. மலையடிவாரத்தில் நின்ற அந்தப் பாறை, ஊரார் கூவியதையெல்லாம் தனக்குள் சேர்த்து வைத்திருந்ததாம். ஊர் அழிந்த பின்னர், பிழைத்தவர்கள் அதன் அருகே போய்க் காதை வைத்துக் கேட்டார்கள். உழவனின் அதட்டல் இருந்தது, ஏலம் கூறியவனின் கூச்சல் இருந்தது, சண்டைகள் எல்லாம் அப்படியே இருந்தன. தாய் தன் குழந்தையின் காதில் சொன்னது மட்டும் இல்லை. பாறையிடம் போய் யார் அதைச் சொல்வார்கள்? விலைமதிப்பில்லாதது என்று எதைப் பொத்திவைக்கிறோமோ, அதுவே மிச்சமின்றிப் போகிறது.

தில்லைநாயகி பட்டையைக் கழற்றி ஜெசிந்தாவின் கையில் வைத்தாள். பலகையில் எழுதினாள்.

"ஊரோட பேசறதுக்கு எனக்குப் பலகை போதும். அவர்கிட்டப் பேசத்தான் கொரல் வேணும். அது இதுல இல்ல. அழிச்சிடு."

"அவசரப்படாதீங்கம்மா. அழிச்சா அழிச்சதுதான். சனிக்கிழமை காலையில வாரேன். அதுவரைக்கும் யோசிங்க." ஜெசிந்தா பட்டையைக் கைப்பைக்குள் வைத்தாள். "எனக்காகவாவது யோசிங்க."

ஜெசிந்தா போன பிறகு, சிவக்கொழுந்து ஏதாவது சொல்வார் என்று தில்லைநாயகி காத்திருந்தாள். வாங்கிக்கொள் என்பார், அல்லது, நீ இப்படியே இரு, எனக்கு இதுவே போதும் என்பார். அவரோ விழுந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை முதல் அவர் போக்கு மாறியது. தொடர் தொடங்கியதும் வாசல் கதவைத் தாழிட்டுக்கொண்டார். "எதிர் வீட்டுச் சத்தம் கேக்குது" என்பது சொல்லப்பட்ட காரணம். தீமூட்டும் நேரம் முடிந்தும் தொலைக்காட்சி அணையவில்லை. தில்லைநாயகி மாடியிலிருந்து இறங்கி வந்து, தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிக் காத்திருக்க வேண்டியதாயிற்று. கதவைத் திறக்கும்போது அவர் தொண்டையைச் செருமினார். மறுநாள் காலை அவருக்குக் குரல் கட்டியிருந்தது.

மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப்போட்டுப் பால் காய்ச்சி, டம்ளரை அவர் முன்னால் சத்தமாக வைத்தாள். பலகையை அதன்மேல் சாய்த்தாள்.

"தொண்டை வத்திப்போற அளவுக்கு அவகிட்ட அப்படி என்ன பேச்சு?"

"சும்மாதான்" என்றார் அவர் கரகரத்த குரலில். "ஆத்தைப் பத்தி."

"ஆறு கெடச்சிடுச்சா?"

"இன்னும் இல்ல. பக்கத்துல வந்துட்டா."

"கெடச்சா எனக்கும் ஒரு கொடம் சொல்லுங்க."

அவர் பாலைக் குடித்தார். குற்றம் செய்தவர்போல அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். அதைப் பார்த்தபோது தில்லைநாயகிக்குக் கோபம் போய், அதனினும் கொடியதாக ஒன்று வந்தது. அவர் இளமையிலிருந்து கேட்டுப் பழகிய குரல் அது, அது கூடத்தில் இருக்கிறது, பதில் சொல்கிறது, அவரைப் பற்றி விசாரிக்கிறது. டம்ளரைத் தட்டுகிறவளைவிட அது அவருக்கு நெருக்கமாக இருந்தால் அவரை நோவதற்கில்லை. வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் ஒரு சாவு விழும்; அவர் துக்கம் காப்பார்; யாருக்காகக் காக்கிறார் என்று தானும் கேட்கக் கூடாது, அவரும் சொல்லமாட்டார். இப்படி எண்ணிக்கொண்டு அவள் கீரை ஆய்ந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கடைக்காரர்கூடக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். தில்லைநாயகி மொட்டை மாடியில் நின்றாள். சுற்றியிருந்த எல்லா வீடுகளின் சன்னல்களிலிருந்தும் அவளுடைய குரல் ஒரே சமயத்தில் எழுந்தது. ஒரு வீட்டில் அது பாறையை உடைத்தது. இன்னொரு வீட்டில் மந்திரவாதியை மன்னித்தது. பிறகு, வெவ்வேறு கணங்களில், வீடு வீடாகத் தண்ணீர் பாயும் ஓசை. ஆறு திரும்பிவிட்டது. கீழ்த்தளத்துக் குழந்தைகள் கைதட்டின. யாரோ ஒருவர் விம்மி அழுவது கேட்டது.

தூறல் விழுந்தது. கொடியில் கிடந்த துணிகளை வாரிக்கொண்டு அவள் படியிறங்கினாள். வீட்டு வாசலுக்கு வந்தபோது கால் நின்றது. ஊரெல்லாம் கேட்ட ஆற்றின் ஓசை அவள் வீட்டுக்குள்ளிருந்து கேட்கவில்லை. தீயில் சுள்ளி முறியும் சிறு ஒலி மட்டுமே வந்தது. அதற்கு மேல், சிவக்கொழுந்தின் குரல். அது அவர் குரல்போலவே இல்லை. மெல்லியதாக, கிறீச்சென்று, பெண்குரலில் பேச முயலும் ஆண்குரல்.

"என்னங்க… இது காபி ஆறிப்போகுதுன்னு. புரியுதா? இப்ப பாரு, என்னாங்க. இது சுவத்துல பல்லி."

"என்னாங்க" என்று செங்கொற்றி திருப்பிச் சொன்னாள்.

"பல்லியைக் கொல்லப் போறவ மாதிரி இருக்கும்மா. நீ பயப்படணும்."

"அச்சம் எனக்குப் பழக்கமில்லை, சிவக்கொழுந்து."

"அவளுக்கும் பழக்கமில்லதான். பல்லிக்கு மட்டும் பயப்படுவா." இருமினார். "சரி, அதை விடு. மொதல்ல சொன்னதுக்கு வா. காபி."

"ஒன்று கேட்கிறேன். நாள்தோறும் ஒரே சொல்லை எனக்குச் சொல்லித் தருகிறாய். அது வினாவா, விளியா?"

"ரெண்டும் இல்லம்மா. அவ என்னைக் கூப்பிடுறதும் இல்ல, எதையும் கேக்கறதும் இல்ல. நான் இருக்கேனான்னு பாத்துக்கறது."

தீயில் புதுச் சுள்ளி ஒன்று விழும் ஓசை வந்தது.

"எனக்குக் குரல் தந்தவள் இதை ஏன் எனக்குத் தரவில்லை?"

"எனக்குன்னு வச்சிருந்தா."

"எனில் நான் கற்பது முறையன்று. பிறர் பொருளைக் கவர்வது வீரம் ஆகாது."

"கவரலம்மா. திருப்பிக் குடுக்கறோம். அவகிட்ட இப்ப அது இல்ல. உன்கிட்டயும் இல்ல. என் காதுல மட்டும்தான் இருக்கு. நாளைக்கு அவ சரின்னு சொல்லிட்டா உன் கொரல் அவகிட்டப் போகும். அப்ப இந்த ஒண்ணு அதுல இருக்கணும். அவ சரின்னு சொல்லுவாளான்னே தெரியல. சொன்னா வெறுங்கையா இருக்கக் கூடாதுல்ல."

"இன்று நான் ஆற்றை அடைய வேண்டிய நாள். அதை நீ காண விரும்பவில்லையா?"

"ஆறு இருக்கட்டும்மா. எல்லார் வீட்டுலயும் வந்துடுச்சு, சத்தம் கேக்குது. நமக்கு நேரம் இல்ல."

"நன்று" என்றாள் செங்கொற்றி. வாளை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைக்கும் ஓசை கேட்டது. "மீண்டும் சொல். காபியிலிருந்து தொடங்குவோம்."

தில்லைநாயகி ஈரத் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே அவளுடைய குரல் அந்தச் சொல்லைச் சொன்னது. தவறு. அவர் திருத்தினார். மறுபடி சொன்னது. "கடைசியில கொஞ்சம் இழுக்கணும்மா, ஆனா இழுக்குற மாதிரி தெரியக் கூடாது" என்றார். தொண்டை கமறியது, தண்ணீர் குடிக்கும் ஓசை, மறுபடி தொடங்கினார். மிளகுப் பாலை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை விதமாகவா தான் அழைத்திருக்கிறோம் என்றும் இருந்தது. தான் சொன்னது அவளுக்கே நினைவில்லை. கேட்டவர் வகை பிரித்து வைத்திருக்கிறார்.

ஊர் அடங்கும்வரை அவள் கதவைத் தட்டவில்லை. உள்ளே தீயின் ஓசை நின்றது. அந்த வீட்டில் ஆறு திரும்பாமலே தொடர் முடிந்தது.

கதவைத் திறந்த சிவக்கொழுந்தின் கண்கள் சிவந்திருந்தன. "மழையில நனைஞ்சிட்டியா?" என்று கேட்டார், குரல் வெறும் காற்றாக வந்தது. அவள் துணிகளை நாற்காலியில் போட்டுவிட்டுப் பலகையை எடுத்தாள்.

"காலைல அந்தப் பொண்ணு வந்தா வாங்கிக்கறேன்."

அவர் இரண்டு முறை படித்தார். ஏன் என்று கேட்கவில்லை. தான் கேட்டதை அவளும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஜெசிந்தா பட்டையைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். "ஒலிக்கூடத்துல இருந்த மூலக் குரலையே இதுல ஏத்திட்டேம்மா" என்று அவள் தொடங்கியதும், சிவக்கொழுந்து கனைத்தார்.

"ஒரு விஷயம். எங்க வீட்டுல இருக்கறவளை எடுக்க முடியுமா?"

"வீட்டுக் குரலையா சார்? இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருக்கும், எடுக்கலாம். ஆனா அது நீங்க பேசுனதையெல்லாம் கேட்டுக் கலந்துபோய்க் கெடக்கும். சுத்தமா இருக்காதே."

"சுத்தமா இல்லாததுதான் வேணும்."

ஜெசிந்தா தில்லைநாயகியைப் பார்த்தாள். தில்லைநாயகி சன்னலுக்கு வெளியே தெரியாத எதையோ பார்த்துக்கொண்டு தலையசைத்தாள்.

வீட்டுக் குரலைப் பட்டையில் ஏற்றிக் கழுத்தில் கட்டினார்கள். சிவக்கொழுந்து எதிரே உட்கார்ந்து, முழங்கால்மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டார். பரீட்சை முடிவு ஒட்டும் நாளில் பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும் தகப்பன்மார்கள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

தில்லைநாயகி உதட்டை அசைத்தாள்.

"என்னங்க…"

குரல் அவளுடையது, அந்தக் கனமும் கரகரப்பும் அவளுடையவை. இராகம் மட்டும் அவளுடையதன்று. தொடக்கத்தில் தேவையில்லாத ஒரு குழைவு. முடிவில் ஓர் இழுப்பு. தெருக்கூத்தில் பெண்வேடம் கட்டியவர் இழுப்பதுபோல், வேண்டியதைவிடச் சற்று நீளம். வாழ்நாளெல்லாம் ஒரு பாட்டைக் கேட்டவன், பாடத் தெரியாமல் பாடிக் காட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

சிவக்கொழுந்து தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தில்லைநாயகியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று ஜெசிந்தா பதறி எழுந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்களில் நீர் வழிய. பிறகு கணவரைப் பார்த்து வாயசைத்தாள். கழுத்து தன் வழக்கப்படி அதைச் செந்தமிழாக்கிக் கேட்டது.

"நான் என்றேனும் இப்படி இழுத்ததுண்டா?"

"இதைவிட ஜாஸ்தி" என்றார் சிவக்கொழுந்து. "நான் கொறைச்சுத்தான் சொல்லிக் குடுத்தேன்."

ஜெசிந்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைக்கணினியைத் திறந்தாள். "இப்ப சாடை கெடச்சிட்டும்மா. இனி எனக்கு வேலை சுளுவு. அந்த இழுப்பைக் கொஞ்சம் வெட்டி, உங்க சொந்த ராகத்துக்குக் கொண்டுவந்திருதேன். ஒரு நிமிசம்." பட்டையை நோக்கிக் கையை நீட்டினாள்.

தில்லைநாயகி பட்டையின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"தொடாதே, பெண்ணே" என்றது குரல்.

ஜெசிந்தாவின் கை பாதியில் நின்றது. அவள் கணினியின் திரையைப் பார்த்தாள். அந்த ஒரு வாக்கியத்தில் பட்டை எதையும் ஊகிக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. தில்லைநாயகி வாயசைத்ததே அதுதான்.